டைல்ஸ் வேலை சொதப்பினால் என்ன செய்வது? வடசென்னையில் வீட்டைப் புதுப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் தடவையாக வீட்டுத் தரையை மாற்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை பாதி நடந்துவிட்டது, பார்த்தால் எங்கோ சரியில்லை, மேஸ்திரியோ "அதெல்லாம் செட் ஆயிடும் சார்" என்கிறார். இந்த நிலையில் இருப்பவர்கள் நேராக முதல் படிக்குப் போய்விடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தரைத்தள வீட்டில் மூன்று கோளாறு ஒன்றாக வந்தது. குளியலறைத் தண்ணீர் ஜாலிக்கு (தண்ணீர் வெளியேறும் துளைமூடிக்கு) போகாமல் கதவுப் பக்கம் வந்தது. ஹாலில் நிறைய டைல்ஸ் தட்டினால் வெற்றுச் சத்தம் கொடுத்தது. இரண்டாவது தடவை இறக்கிய பெட்டிகள் முதலில் வந்ததைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருந்தன. காண்ட்ராக்டரோடும் கடையோடும் மல்லுக்கட்டி முடித்த பிறகு எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: எல்லாப் பிழையையும் உடைத்துச் சரிசெய்ய வேண்டியதில்லை. தண்ணீர் சம்பந்தப்பட்ட பிழையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கண்ணுக்கு மட்டும் உறுத்துகிற பிழையைப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம். எது எந்த வகை என்று பிரிப்பதில்தான் வேலை இருக்கிறது.

1. கிரவுட் போடுவதை நிறுத்துங்கள், மீதிப் பணத்தைப் பிடித்து வையுங்கள்

டைல்ஸ் இடுக்குகளில் கிரவுட் என்ற நிரப்புக் கலவையை அடைத்துவிட்டால் இரண்டு விஷயம் நடக்கும். ஒரு டைல்ஸை மட்டும் தனியாகக் கழற்றுவது கடினமாகிவிடும். கூடவே, வேலை முடிந்துவிட்டது என்று கணக்குப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதனால், "இன்றைக்குக் கிரவுட் வேண்டாம், நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லிவிடுங்கள். ஆட்கள் சும்மா நிற்கிறார்கள் என்று சொன்னால் ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) வெட்டவோ வேறு அறைக்கோ அனுப்பலாம்.

கலவை இறுகும், அது உண்மை. ஆனால் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான தரைச் சரிவு) தானாகத் திரும்பாது, நிறம் தானாக மாறாது, அடியில் காலியாக இருக்கும் டைல்ஸ் தானாக நிரம்பாது. 'செட் ஆயிடும்' என்ற பேச்சு இந்த மூன்றுக்கும் பொருந்தாது.

பணம்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. முடிந்த வேலையின் மதிப்பைத் தாண்டி எப்போதும் முன்பணம் கொடுத்திருக்கக் கூடாது. கூலி மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவது கடைசிச் சோதனை வரை உங்களிடம் இருக்க வேண்டும். இன்னொன்று: தரையில் உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டுகிற பையன் பெரும்பாலும் மேஸ்திரியிடம் தினக்கூலிக்கு வந்தவன். அவனிடம் கத்திப் பயனில்லை. பேச வேண்டியது உங்களிடம் ரேட் பேசியவரிடம்.

2. தட்டுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், கட்டை வைத்துப் பாருங்கள்

மூன்று சோதனைக்கும் செலவு கிடையாது. ஒரு சாக்பீஸ், ஒரு நாணயம், ஒரு வாளி, மேஸ்திரியிடமே இருக்கும் ஆறடி அலுமினிய மட்டக்கட்டை போதும்.

தட்டிப் பார்ப்பது: சிமெண்ட் கலவையில் பதித்ததென்றால் இரண்டு மூன்று நாளும், டைல்ஸ் பசையில் ஒட்டியதென்றால் ஒரு நாளும் விட்டுவிட்டுத் தட்டுங்கள். ஒவ்வொரு டைல்ஸிலும் நான்கு மூலையிலும் நடுவிலும் நாணயத்தால் தட்ட வேண்டும். கெட்டியாக உட்கார்ந்தது 'டிக்' என்று ஒலிக்கும், காலியாக இருப்பது 'டொக்' என்று ஒலிக்கும். பத்துப் பதினைந்து டைல்ஸ் தட்டியதும் காது பழகிவிடும். காலி இடங்களில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போங்கள். இதைச் சத்தத்தோடு வீடியோ எடுங்கள். பின்னால் பேசும்போது புகைப்படத்தைவிட இதற்குத்தான் மதிப்பு.

தண்ணீர்ச் சோதனை: குளியலறை, கழிப்பறை, பாத்திரம் கழுவும் இடம், பால்கனி எல்லாவற்றிலும் ஒரு வாளி தண்ணீரை ஜாலிக்கு எதிர்மூலையில் ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். மெல்லிய ஈரம் இருந்தால் பரவாயில்லை. குட்டையாகத் தேங்கினாலோ, கதவு நிலையை நோக்கி ஓடினாலோ குறித்துக்கொள்ளுங்கள். குளியலறைக்கு மீட்டருக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் வாட்டம் பொதுவாகக் கணக்கு. ஐந்தடி நீளக் குளியலறை என்றால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் முக்கால் அங்குலம் வரை வித்தியாசம் தெரிய வேண்டும். குளியலறைத் தரை வெளியறைத் தரையைவிட அரை அங்குலமாவது கீழே இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மட்டக்கட்டை: கட்டையை இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தின் குறுக்கே வையுங்கள். ஒரு டைல்ஸ் ஓரம் மற்றதைவிடத் தூக்கி நின்றால் அடியில் இடைவெளி தெரியும். ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். இரண்டு கார்டை அடுக்கி அந்த இடுக்கில் விட முடிகிறதென்றால் ஒன்றரை மில்லிமீட்டர் மேடு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கால் தடுக்குவதற்கு அது போதும்.

எல்லாவற்றையும் ஒரு கட்டம் போட்ட தாளில் அறைவாரியாக வரைந்து குறித்துவிடுங்கள். 'ஹாலில் நிறைய டைல்ஸ் சரியில்லை' என்பதற்கும் 'ஹாலில் ஜன்னலிலிருந்து மூன்றாம் வரிசையில் 2, 3, 5' என்பதற்கும் பேரத்தில் இருக்கும் வித்தியாசம் பெரிது.

3. உடைப்பதா, விடுவதா என்று பிரியுங்கள்

கட்டாயம் உடைக்க வேண்டியவை: குளியலறை வாட்டம் தப்பு, ஜாலி மேடாகவும் தரை பள்ளமாகவும் இருப்பது, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு போடாமலே டைல்ஸ் பதித்தது, தரை மட்டம் ஏறியதால் கழிவுநீர் வெளியே போகும் வழி அடைபட்டது. இவை நாளாக நாளாக மோசமாகும். மாடி வீடென்றால் கீழ்வீட்டுக்காரரின் கூரை நனையும், அப்புறம் அது இரண்டு வீட்டுச் சண்டை.

பார்த்து முடிவு செய்ய வேண்டியவை: வெற்றுச் சத்தம். ஒரு மூலையில் மட்டும் கையகலத்துக்கு டொக் என்றால், அது சுவரோரமோ கட்டிலுக்கு அடியிலோ வரும் இடமென்றால் விட்டுவிடலாம். நடுப்பகுதி முழுக்கக் காலி என்றால், அதுவும் நடக்கும் வழியில், பீரோ நிற்கும் இடத்தில், சமையலறையில் என்றால் மாற்றியே ஆக வேண்டும். குழவிக்கல்லோ காஸ் சிலிண்டரோ ஒரு தடவை டங்கென்று விழுந்தால் அந்த டைல்ஸ் உடைந்துவிடும்.

பேரம் பேச வேண்டியவை: லேசான நிற வேறுபாடு, வாசலுக்கு நேரே முழு டைல்ஸ் வராமல் வெட்டுத்துண்டு வந்தது, இடுக்குகள் ஒரே அளவில் இல்லாதது, ஸ்கர்ட்டிங் கோடும் தரைக் கோடும் சேராதது. என் கருத்து, இவற்றுக்காக நன்றாக ஒட்டியிருக்கும் தரையை உடைக்காதீர்கள். ஒட்டிய டைல்ஸை உடைக்கும்போது பக்கத்து டைல்ஸும் விரிசல் விடும், அடிக் காங்கிரீட்டும் பெயரும். கூலியில் கழித்துக்கொண்டு சோபாவை அந்தப் பக்கம் போடுங்கள்.

4. காரணம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

இதைச் செய்யாமல் பேசப் போனால் கடைக்காரர் கொத்தனாரைக் கைகாட்டுவார், கொத்தனார் டைல்ஸைக் குறை சொல்வார், இருவரும் சேர்ந்து உங்கள் பழைய வீட்டைக் குறை சொல்வார்கள். நன்றாக டொக் என்று ஒலிக்கும் ஒரு டைல்ஸை எல்லோர் முன்னிலையிலும் கழற்றச் சொல்லுங்கள். அதன் முதுகையும் அடித்தரையையும் பார்த்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

டைல்ஸின் முதுகு சுத்தமாக, ஒன்றுமே ஒட்டாமல் வந்தால்: விட்ரிஃபைட் டைல்ஸ் (கண்ணாடிபோல் இறுகச் சுட்டது) தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது. அதன் நீர் உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்கும் குறைவு. பழைய செராமிக், மொசைக்கைப் பதித்த பழக்கத்தில் வெறும் சிமெண்ட் பாலை ஊற்றி இதையும் வைத்தால் பிடிப்பு கிடைக்காது. சில டைல்ஸின் முதுகில் சூளையில் ஒட்டாமலிருக்கத் தடவிய வெள்ளைப் பொடி இருக்கும். ஈரத்துணியால் துடைக்காமல் வைத்தாலும் இதே கதிதான். இது கூலிக்காரர் பக்கத்துப் பிழை.

முதுகில் ஐந்து உருண்டைத் தடம் மட்டும் இருந்தால்: நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்று என்று பசையை உருட்டி வைத்து அழுத்தியிருக்கிறார்கள். பசையைப் பல்கரண்டியால் தரை முழுக்கச் சீவி விட வேண்டும். இதுவும் கூலிக்காரர் பிழை. பசை மிச்சப்படுத்தியது யாருக்கு லாபம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்: 20 கிலோ பை ஏறக்குறைய 40, 50 சதுர அடிக்குத்தான் வரும். 300 சதுர அடி ஹாலுக்கு மூன்று பைதான் காலியாகியிருக்கிறது என்றால் கணக்கே சாட்சி சொல்லிவிடும். காலிப் பைகளைக் குப்பையில் போட விடாதீர்கள்.

டைல்ஸ் கூரைபோல் ஜோடியாகப் பொங்கி எழுந்தால்: சுவரோரம் இடைவெளி விடாமல் முட்டுக்கொடுத்துப் பதித்திருப்பார்கள். சுற்றிலும் 5, 6 மில்லிமீட்டர் விட்டால் ஸ்கர்ட்டிங் அதை மறைத்துக்கொள்ளும். டைல்ஸுக்கு டைல்ஸ் ஸ்பேசர் வைத்து 2 மில்லிமீட்டராவது இடுக்கும் விட வேண்டும். 'இடுக்கே தெரியாமல் போட்டுத் தருகிறேன்' என்பது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

2×4 அடி டைல்ஸில் ஓரம் தூக்கி நின்றால்: நீள டைல்ஸ் பலவற்றில் நடுவில் மிக லேசான வளைவு இருக்கும். செங்கல் வரிசைபோல் பாதிக்குப் பாதி தள்ளி வைத்தால் ஒன்றின் மேடும் இன்னொன்றின் ஓரமும் சேர்ந்து உறுத்தும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாமல் வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து இரண்டு புது டைல்ஸை எடுத்து முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள். அதிகமாக ஆடினால் டைல்ஸிலேயே பிழை, அது கடைக்காரர் பொறுப்பு.

அடித்தரை ஈரமாக, வெள்ளை வெள்ளையாக இருந்தால்: இது நம் வடசென்னைப் பகுதியின் பிரச்சினை, இதில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதலாவது, உப்புத் தண்ணீர். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எனக் கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் கலவை குழைத்தால் உப்பு இடுக்குகள் வழியே வெளியே பூக்கும். துடைத்தால் போகும், திரும்ப வரும். கலவைக்கு மெட்ரோ தண்ணீரோ நல்ல லாரித் தண்ணீரோதான் பயன்படுத்த வேண்டும். 'போர் தண்ணியிலதான் எல்லா வீட்டுக்கும் போடுறோம்' என்று மேஸ்திரி சொன்னால் பக்கத்தில் அவர் போட்ட ஒரு வீட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது, தெரு உயர்ந்துகொண்டே வந்து வீடு பள்ளமாகிவிட்ட பகுதிகள். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் பழைய வீடுகளில் வாசலில் படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் மண் ஈரம் கீழிருந்து ஏறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் புகுந்த வீடுகளில் டைல்ஸுக்கு அடியில் இருந்த மணல் படுகை எவ்வளவு ஊறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட தரையின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் எந்தப் பசையும் நிற்காது. டைல்ஸ் கழற்றிய இடத்தில் ஒன்றரை அடி சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர்த்துளி இருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. இந்த ஈரத்துக்குக் கூலிக்காரரை முழுதாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஈரத்தைப் பார்த்தும் சொல்லாமல் மேலே ஒட்டியிருந்தால் அவருக்கும் பங்கு உண்டு.

மூன்றாவது, தரையை உயர்த்த மண் நிரப்பிய வீடுகள். இடிபாட்டையும் மண்ணையும் கொட்டித் தண்ணீர் விட்டு இடிக்காமல், மேலே மெல்லிசாகக் காங்கிரீட் போட்டு டைல்ஸ் பதித்தால் சில மாதத்தில் நடுவில் தாழும். டைல்ஸ் வரிசையாக ஒரே கோட்டில் விரிந்தால் சந்தேகம் இதன்மேல்தான். அப்போது டைல்ஸை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

5. தாள்களைச் சேருங்கள்

ஒரு பையில் இவை எல்லாம் இருக்கட்டும்:

- டைல்ஸ் கடை பில். ஜிஎஸ்டி எண்ணோடு இருக்க வேண்டும். டைல்ஸுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்பதால் 'பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருகிறேன்' என்று சொல்வார்கள். எஸ்டிமேட் தாளோடு திரும்பியவர்களுக்குப் பிழை வந்தபோது கையில் ஒன்றுமே இருக்காது.
- ஒவ்வொரு தவணைப் பெட்டியின் லேபிள் படம். மாடல் பெயர், பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்), ஷேடு, அளவு எல்லாம் அதில்தான் இருக்கும்.
- திறக்காத பெட்டி ஒன்று, லேபிளோடு.
- பசைப் பையின் படம். ஐஎஸ் 15477 என்ற எண்ணும் (டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண்) டைப் என்னவென்பதும் தெரிய வேண்டும்.
- மேஸ்திரியோடு பேசிய ரேட், அளவு எழுதிய தாள். இல்லையென்றால் வாட்ஸ்அப் செய்திகள்.
- பணம் கொடுத்த ஜிபே, வங்கி விவரம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், 'இதுவரை இவ்வளவு கொடுத்திருக்கிறேன், சரிதானே?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள்.
- நீங்கள் குறித்த கட்டத்தாள், படங்கள், வீடியோ.

நிறம் மாறி வந்ததில் ஒரு சங்கடம் உண்டு. பல பெட்டிகளின் மேலேயே 'பதிப்பதற்கு முன் சரிபார்க்கவும், பதித்த பின் புகார் ஏற்கப்படாது' என்ற பொருளில் அச்சிட்டிருப்பார்கள். அதனால் இரண்டாம் தவணை வந்ததும் பழைய டைல்ஸ் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பதிக்காத பெட்டிகளைப் பெரும்பாலான கடைகள் மாற்றித் தரும், வண்டிச் செலவு உங்களுடையது. பெரும்பாலான டைல்ஸ் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. கடையில் அதே பேட்ச் தீர்ந்துவிட்டால் அங்கிருந்தும் அதே பேட்ச் வரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். ரெட்டேரி, மாதவரம், செங்குன்றம் சாலைப் பக்கக் கடைகளில் லேபிள் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி அதே பேட்ச் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கவில்லையென்றால் மாறிய நிறத்தை ஒரு தனி அறைக்கு ஒதுக்கிவிடுவதே நல்லது.

6. உட்கார்ந்து பேசுங்கள், எழுதி வாங்குங்கள்

ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது பேச வேண்டாம். மாலையில் மேஸ்திரியோ காண்ட்ராக்டரோ தனியாக வரும்போது கட்டத்தாளைக் காட்டுங்கள். முதலில் குளியலறையைப் பேசுங்கள். தண்ணீர் கதவுப் பக்கம் ஓடுவதை யாராலும் மறுக்க முடியாது. அதை ஒப்புக்கொண்டவர் அடுத்ததிலும் கொஞ்சம் இறங்கி வருவார்.

நான்கு கேள்விக்குப் பதில் வேண்டும். உடைக்கும் கூலி யாருடையது? புது டைல்ஸ், பசை, சிமெண்ட் யாருடையது? இடிபாட்டை யார் அப்புறப்படுத்துவது? எந்தத் தேதிக்குள்? இதில் மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், கடைசியில் வாசலில் இருபது மூட்டை கிடக்கும். நியாயமான பங்கீடு என்று எனக்குப் படுவது: பதித்த முறையில் பிழை என்றால் கூலி, பசை, இடிபாடு மூன்றும் அவர் பொறுப்பு, டைல்ஸ் விலையில் பாதியாவது அவர் ஏற்க வேண்டும். முழு டைல்ஸ் விலையையும் கேட்டுப் பிடிவாதம் பிடித்தால் சிறிய மேஸ்திரிகள் போனை எடுக்காமல் போய்விடுவார்கள். சட்டப்படி உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் தரை பாதியில் நிற்கும்.

ஒப்புக்கொண்டதை இப்படி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்: "இன்று பேசியபடி குளியலறைத் தரை முழுவதும், ஹாலில் தாளில் குறித்த டைல்ஸும் உங்கள் கூலி, பசைச் செலவில் மாற்றித் தர வேண்டும். டைல்ஸ் விலை பாதிப் பாதி. இடிபாடு உங்கள் பொறுப்பு. இந்தத் தேதிக்குள் முடித்து, தண்ணீர்ச் சோதனை சரியானதும் மீதித் தொகை தருகிறேன். சரி என்று பதில் அனுப்பவும்." அந்த 'சரி' வந்த பிறகே சுத்தியல் எடுக்க வேண்டும்.

7. திரும்பப் போடும்போது வரிசையும் நேரமும்

குளியலறைதான் முதலில். டைல்ஸையும் படுகையையும் எடுத்து, குழாய் இணைப்புகளைப் பார்த்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சை இரண்டு தடவை குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, சுவரிலும் ஒரு அடியாவது ஏற்ற வேண்டும். பூச்சு காய்ந்ததும் ஜாலியை அடைத்துத் தண்ணீர் தேக்கி 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால், கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால் திரும்பப் பூச வேண்டும். இந்த இரண்டு நாளைத்தான் எல்லா மேஸ்திரியும் மிச்சப்படுத்தப் பார்ப்பார்கள், விடாதீர்கள். வீட்டில் ஒரே கழிப்பறைதான் என்றால் பக்கத்து வீட்டிலோ உறவினர் வீட்டிலோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உடைப்பதிலிருந்து பயன்படுத்துவது வரை ஒரு வாரத்துக்குக் குறையாது.

ஹாலில் தனித்தனி டைல்ஸ் மாற்றும்போது முதலில் சுற்றிலும் இடுக்கைக் கட்டிங் மிஷினால் அறுக்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து உடைத்து ஓரத்துக்கு வர வேண்டும். ஓரத்தில் உளி வைத்து நெம்பினால் பக்கத்து டைல்ஸ் போய்விடும். பசை காய ஒரு நாள் விட்டுத்தான் கிரவுட்.

'உடைக்கவே வேண்டாம், இதன்மேலேயே இன்னொரு டைல்ஸ் ஒட்டிவிடலாம்' என்று ஒரு யோசனை வரும். கீழே கெட்டியாக இருந்தால் மட்டும் செய்யலாம், டொக் என்னும் தரையின்மேல் ஒட்டக் கூடாது. டைல்ஸும் பசையும் சேர்ந்து தரை ஓர் அங்குலத்தில் பாதியாவது உயரும், கதவுகளை அடியில் இழைக்க வேண்டிவரும். இதற்கு சாதாரணப் பசை உதவாது. 'டைல்ஸ் மேல் டைல்ஸ்' என்று பையிலேயே குறித்திருக்கும் வகைதான் வேண்டும். சிமெண்ட் கலவைப் படுகை போட்டு மேலே பதிக்க ஒப்புக்கொள்ளவே வேண்டாம். ஒன்றரை அங்குலப் படுகை மட்டும் சதுர மீட்டருக்கு 75 கிலோவுக்கு மேல் எடை ஏற்றும். வாரியக் குடியிருப்பிலும் பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய தளம்) மாடியிலும் இது விபரீதம்.

காலம் பற்றி ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தரைத்தள வேலையைத் தொடாதீர்கள், எதுவும் காயாது. பொங்கல் வாரத்தில் நம் ஆட்கள் இருக்க மாட்டார்கள். டைல்ஸ் ஒட்டுபவர்களில் வடமாநிலத்தவர் நிறைய என்பதால் ஹோலி, தீபாவளி, சத் பூஜை சமயத்திலும் சைட் காலியாகிவிடும். புது வேலை தொடங்கத் தயங்கும் ஆடியில் எனக்கு ஆள் சுலபமாகக் கிடைத்தது.

8. இடிபாடு

தெருவில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் விதிக்கும், கால்வாயில் தள்ளினால் அடுத்த மழைக்கு உங்கள் தெருதான் முழுகும். கட்டட இடிபாட்டைப் பதப்படுத்தும் நிலையம் கொடுங்கையூரில் இருக்கிறது. மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு 1913 எண்ணில் அழைத்து உங்கள் வார்டுக்கு என்ன ஏற்பாடு, என்ன கட்டணம் என்று கேளுங்கள். தனியாக வண்டி பிடித்தால், லாரி நுழையாத சந்துகளில் குட்டி யானை என்ற சிறிய சரக்கு வண்டிதான் வரும். எங்களிடம் ஒரு நடைக்கு 2,000 ரூபாய்க்குச் சற்று மேலே கேட்டார்கள், மூட்டை தூக்கும் கூலி தனி.

9. கையில் எவ்வளவு வேண்டும்

எங்கள் பக்கம் எனக்குச் சொல்லப்பட்ட ரேட் இது, உங்கள் தெருவில் மாறலாம். 2×2 டைல்ஸ் பதிக்கச் சதுர அடிக்கு 30 முதல் 45 ரூபாய் கூலி. பழையதை உடைத்தெடுக்க 15 முதல் 20. சிறிய குளியலறையை முழுதாக உடைத்து, பூச்சுப் பூசித் திரும்பப் போட மொத்தமாகப் பேசுவார்கள். அதில் பூச்சு எந்த நிறுவனத்தது, எத்தனை தடவை என்று எழுதி வாங்குங்கள்.

2×2 பெட்டியில் 4 டைல்ஸ், 2×4 பெட்டியில் 2 டைல்ஸ். அடிக்கணக்கு தோராயம்தான் என்பதால் இரண்டிலும் 16 அல்ல, 15.5 சதுர அடிதான் வரும். நேராகப் பதிக்க 5 சதவீதமும், குறுக்காகப் பதிக்க 10 சதவீதமும் கூடுதலாக வாங்குவது வழக்கம். பழைய வீடென்றால் சுவர்கள் மூலைமட்டத்தில் இருக்காது, வெட்டு அதிகம் போகும், அதனால் நான் 10 என்றே கணக்கு வைக்கச் சொல்வேன்.

10. வழிக்கு வராவிட்டால்

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், இலவசம். பில் உள்ள டைல்ஸ் கடை, பெரிய காண்ட்ராக்ட் நிறுவனம் என்றால் இதிலேயே சில சமயம் பதில் வந்துவிடும்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், கேட்டால் மேலும் 15 நாள் கிடைக்கும். சட்டம் 3 முதல் 5 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். வாட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்து வைத்தால் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றும் சேர்க்க வேண்டும்.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். மொத்தமாக ரேட் பேசி வேலையை ஒப்படைத்திருந்தால் அது சேவை, ஆணையம் ஏற்கும். நீங்களே நாள் சம்பளத்துக்கு ஆள் வைத்து, 'இங்கே போடு, அங்கே வெட்டு' என்று சொல்லி வாங்கியிருந்தால் அது தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்று தள்ளுபடியாகலாம். தினக்கூலிக் கொத்தனார்மேல் வழக்குப் போடுவதில் பலனும் இல்லை.

வழக்கு முடியும் வரை குளியலறையை அப்படியே வைத்திருக்க யாராலும் முடியாது. உடைப்பதற்கு முன் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டு, அளவுகளோடும் படங்களோடும் கையெழுத்திட்ட அறிக்கை வாங்கிவிடுங்கள். பிறகு எதிர்த்தரப்புக்குப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில், 'இந்தத் தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து செலவை உங்களிடம் கோருவேன்' என்று 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். அவகாசம் முடிந்ததும் உடைக்கலாம். உடைக்கும்போது எடுத்த டைல்ஸில் இரண்டு மூன்றை, முதுகில் பசைத் தடத்தோடு, தேதி எழுதி எடுத்து வையுங்கள். புது ஆளின் பில்லும் அந்த அறிக்கைக்கான ரசீதும் அதே பையில் போக வேண்டும்.